சமூகமளிக்காதோருக்கு ஒரு சுருக்கம்

அன்று வந்திருந்தவர்கள்: முன்பள்ளி ரீச்சர், லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஓட்டும் அண்ணை, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரிகள் இருவரில் மூத்தவள், மண்டபத்தைத் திறந்துவிடப் போன நான். வராதவர்கள்: சகோதரிகளில் இளையவள் (அவளுக்கு அந்தச் சனிக்கிழமை வேலை), தமிழ் படிப்பிக்க ஒப்புக்கொண்டிருந்த ஆசிரியர், அவருக்கு என்ன வேலை என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

புளியங்குளம் சந்தியிலிருந்து உள்ளே போகும் பாதையில் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபம் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் தமிழ் சித்தியடையாதவர்களுக்கு அங்கே ஒரு வகுப்பு வைப்பது என்று மாதர் சங்கம் தீர்மானித்திருந்தது. நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருந்த காலம். சாவி எங்கள் வீட்டில் இருந்தபடியால் கதிரைகளை இழுத்துப் போடுவது என் பொறுப்பு. இரண்டு மணிக்கு வரவேண்டிய ஆசிரியர் மூன்று மணிக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த கிழமை பார்ப்போம் என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார்.

"அப்ப தம்பி, நீர் கம்பஸ் போன ஆள்தானே, நீரே படிப்பியும்" என்றார் லான்ட்மாஸ்டர் அண்ணை.

"நான் படிச்சது பொருளியல் அண்ணை."

"அதுவும் தமிழிலைதானே படிச்சனீர்?"

ரீச்சர் கொப்பியைத் திறந்து, திகதியை எழுதி, அடியில் கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் பார்வைதான் என்னைப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அவாவுக்கு அது மூன்றாவது தடவை. முதல் தடவை எழுதவேண்டிய வயதில் அவா இடம்பெயர்ந்து முகாமில் இருந்தா. பிறகு கலியாணம், பிள்ளை. இரண்டு முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதி இரண்டு முறையும் தமிழில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. மற்றப் பாடங்களை எப்படியோ தாண்டிவிட்டா. ஊர் முன்பள்ளியில் பதினேழு பிள்ளைகள் அவாவின் கையில்தான் 'அ' எழுதப் பழகினார்கள். அந்த வருடம் ஒரு கடிதம் வந்திருந்தது: தாய்மொழியில் சித்தியில்லாதவர்கள் அடுத்த சித்திரை மாதத்துக்குப் பிறகு முன்பள்ளியில் தொடர முடியாது. கடிதத்தை அவா நாலாக மடித்துக் கொப்பியின் உறைக்குள் வைத்திருந்தா. எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

பழைய வினாத்தாளில் இருந்த பந்தி ஒன்றைக் கொடுத்து, மூன்றிலொரு பங்காகச் சுருக்கச் சொன்னேன். அண்ணை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். வாசித்தால் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. கேட்டபோது உண்மையைச் சொன்னார்: முதலாவது வசனம், நாலாவது வசனம், ஏழாவது வசனம் என்று இரண்டு விட்டு ஒன்றாக எடுத்து எழுதியிருக்கிறார்.

"மூண்டிலொண்டு எண்டுதானே கேட்டது. கணக்குச் சரிதானே?"

ரீச்சரின் சுருக்கம் மூலப் பந்தியைவிட நீளம். பந்தியில் உள்ள எல்லாம் அதில் இருந்தது. இடையிடையே 'மேலும்', 'அத்துடன்' என்று அவாவின் சொற்கள் வேறு.

"அக்கா, கொஞ்சத்தை விடவேணும்" என்றேன்.

"எதை விடுறது தம்பி? பாவம், அதையும் ஒருத்தர் யோசிச்சுத்தானே எழுதியிருப்பார்."

மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின. பந்தி கண்முன்னால் இருக்கும்வரை அவர்களின் கை அதிலிருந்துதான் வசனத்தை எடுக்கும் என்பது எனக்கு மெல்ல விளங்கியது. எனக்கு ஏன் அந்தப் பழக்கம் வரவில்லை என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மலையகத்தில் பிறந்து சின்ன வயதில் வன்னிக்கு வந்தவர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். ஐந்தாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் கையில்தான். இரண்டு பக்கக் கடிதத்தை நான் உரக்க வாசிக்கத் தொடங்கினால் அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி, "அதெல்லாம் இருக்கட்டும்டா, என்னா சொல்றான் அதைச் சொல்லு" என்பார். "நாளைக்கு அடையாள அட்டையோட போவணுமாம்" என்பேன். அவ்வளவுதான். அவர் வயலுக்குப் போய்விடுவார். கடிதம் என் கையில் இருக்கும், அதைக் கேட்கிறவர் அதை வாசிக்கத் தெரியாதவர். நான் சுருக்கப் பழகியது அப்படி.

அப்படியானால் இவர்களுக்கும் கேட்கிறவர் ஒருவர் வேண்டும், கண்முன்னால் தாளும் இருக்கக்கூடாது. ஒரு விஷயத்தைப் பார்க்கவேண்டும், பிறகு பார்க்காதவருக்குச் சொல்லவேண்டும். பார்த்ததில் இருந்து வசனத்தைத் திருட முடியாதபடி இருக்கவேண்டும். அப்போதுதான் ஆவணப்படம் ஞாபகம் வந்தது. பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது தரவிறக்கிய நாலைந்து படங்கள் என் பழைய மடிக்கணினியில் கிடந்தன.

"படம் போட்டா படிப்பு வந்துருமா?" என்று அப்பா கேட்டார். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பள்ளித் தொலைக்காட்சியை மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். பின்னேர வெயில் நேராகத் திரையில் விழுந்தது. அண்ணை லான்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து நெல் காயப்போடும் படங்கு இரண்டைக் கொண்டுவந்து யன்னல்களில் கட்டினார். மண்டபம் முழுக்க நெல் வாசம், கொஞ்சம் தூசும். முதல் படம் எறும்புகளைப் பற்றியது.

"ஹீரோ ஆர் தம்பி?"

"எறும்பு."

"ஹீரோயின்?"

"அதுவும் எறும்புதான் அண்ணை."

"அப்ப பாட்டு இல்லை."

பின்னணியில் ஒருவர் ஆங்கிலத்தில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். யாருக்கும் விளங்காததால் சத்தத்தை நிறுத்தினேன். நிறுத்தியதுதான் நல்லதாகப் போயிற்று. சத்தம் போனதும் எல்லோரும் முன்னுக்குச் சரிந்து பார்க்கத் தொடங்கினார்கள். இலையை வெட்டுகிறது, தூக்குகிறது, தண்ணீர் வந்து வழியை மறிக்கிறது, ஒன்றையொன்று பிடித்துப் பாலமாக நிற்கின்றன. படம் முடிந்ததும் மூத்தவளிடம், "தங்கச்சி இண்டைக்கு வரேல்லை. வீட்டை போனதும் அவவுக்குச் சொல்லோணும். அதை இப்ப எழுதும்" என்றேன். அவள் எட்டு வரி எழுதினாள். அண்ணை நாலு வரி எழுதினார். இந்த முறை அவற்றுக்குத் தலையும் காலும் இருந்தன. ரீச்சர் ஒன்றும் எழுதவில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டுப் போனா.

அடுத்த சனிக்கிழமைப் படம் கடல்நீர்க் களப்பைப் பற்றியது. கொக்கிளாய்ப் பக்கம் இறால் பிடிக்கிறவர்களைப் பற்றி யாரோ மாணவர்கள் எடுத்த சின்னப் படம். இருபது நிமிடம். அதில் பேச்சே குறைவு. அன்று தங்கை வந்திருந்தாள், அக்காளுக்கு வேலை. படம் முடிந்ததும் ரீச்சர் குனிந்து எழுதத் தொடங்கினா. நிமிரவே இல்லை. எழுதி முடித்த கொப்பியை நான் வாங்கி, நல்லது என்ற நினைப்பில் எல்லோருக்கும் உரக்க வாசித்தேன். அது நான் செய்த பிழை.

'இடம்: களப்பு. நேரம்: காலை. சமூகமளித்தோர்: மீனவர் மூவர், மீனவர் ஒருவரின் மனைவி, நாய் ஒன்று, கொக்குகள் பல. சமூகமளிக்காதோர்: வியாபாரி (பின்னர் வந்தார்).'

அண்ணை கதிரையிலிருந்து விழாத குறை. "ரீச்சர், நாயும் கையெழுத்து வைச்சதோ?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கடைசி வரியையும் வாசித்துவிட்டேன்: 'செலவு: மண்ணெண்ணெய் (தொகை படத்தில் கூறப்படவில்லை).' எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கவும் முடியவில்லை.

ரீச்சர் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் கொப்பியைக் கேட்டா.

"எனக்கு இதுதான் தம்பி வருது. எட்டு வருசமா மாதர் சங்கத்துக்குச் செயலாளர். எட்டு வருசமா நான் எழுதினது கூட்டக் குறிப்பு மட்டுந்தான். வேறை ஒண்டும் எனக்கு எழுதத் தெரியாது. விடுங்கோ. நான் இனி வரேல்லை."

கொப்பியை நான் கொடுக்கவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி வைத்துக்கொண்டேன். கொடுத்தால் அவா திரும்ப வரமாட்டா என்பது நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து வெட்கத்தோடு அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிரிப்பில் நாங்கள் வாசிக்காமல் விட்ட நடுப்பகுதி அப்போதுதான் கண்ணில் பட்டது.

'மீனவர் மூவரும் விடியுமுன் வலை போட்டனர். முதல் இழுப்பில் பாசி மட்டும் வந்தது. இடம் மாற்றிப் போட்டதில் இறால் கிடைத்தது. வியாபாரி சொன்ன விலைக்கு மனைவி உடன்படவில்லை. பாதியை விற்று, பாதியைக் கருவாடாகப் போடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது.'

இருபது நிமிடப் படம் ஐந்து வரியில். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. தலையையும் வாலையும் வெட்டிவிட்டால் அது வினாத்தாள் கேட்கிற சுருக்கம்தான்.

மறுநாள் காலை அவாவின் வீட்டுக்குப் போனேன். குசினியில் இருந்து வந்து, முகத்தைக் கொடுக்காமல் நின்றா. கொப்பியைக் கொடுத்துவிட்டு, சங்கத்தின் கூட்டப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தா. நான் தேடியது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை. தண்ணீர்ப் பம்பை யார் வீட்டில் வைப்பது என்று சங்கம் இரண்டாகப் பிரிந்த கூட்டம். ஊரில் அதைப் பற்றிக் கதைக்காத ஆள் இல்லை. இரண்டு மணித்தியாலச் சண்டை. பழைய கலியாண வீட்டுக் கோபமெல்லாம் வெளியே வந்தது. ஒரு கதிரை பறந்தது. புத்தகத்தில் இப்படி இருந்தது: 'நீர்ப்பம்பி தொடர்பாகக் கருத்துகள் பரிமாறப்பட்டன. அது முன்பள்ளியில் வைக்கப்படும். கதிரை ஒன்று திருத்தப்பட வேண்டும்.'

"அக்கா, அவ்வளவு சண்டையையும் எப்பிடி விட்டனீங்கள்? பந்தியிலை ஒரு சொல்லையும் விட உங்களுக்கு மனம் வரேல்லையே."

என்னை ஒரு விசரனைப் பார்ப்பதுபோல் பார்த்தா. "அது வராத ஆக்களுக்குத்தானே தம்பி எழுதுறது? ஆர் ஆரை என்ன சொன்னவை எண்டது அவைக்கு என்னத்துக்கு? பம்ப் எங்கை இருக்கு எண்டு தெரிஞ்சாக் காணும்."

"பந்தியும் அப்பிடித்தான் அக்கா. நீங்கள் போன கூட்டம் எண்டு நினையுங்கோ."

கூட்டப் புத்தகத்தை வாங்கி மூடினா. பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டா. வருவா என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வகுப்பு நடந்த விதம் இதுதான். படம் போடுவோம், சத்தமில்லாமல். எல்லோரும் முதலில் பென்சிலால் யார் வந்தது, யார் வராதது என்று எழுதவேண்டும். நடுவில் நடந்ததைப் பேனையால் எழுதவேண்டும். கடைசியில் செலவைப் பென்சிலால். பிறகு பென்சில் எழுத்தை அழித்துவிடவேண்டும். மிஞ்சியதுதான் சுருக்கம். அண்ணை தன் படங்கு வாடகையைச் செலவில் சேர்த்து எழுதுவார், அதையும் அழிப்போம். அக்காளும் தங்கையும் மாறி மாறித்தான் வருவதால் எங்களுக்கு எப்போதும் ஒரு வராத ஆள் இருந்தாள். வந்தவள் எழுதியதை வீட்டில் இருந்தவள் வாசித்து, விளங்காத இடத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புவாள். அந்தக் கேள்விக்குறிகள் நான் போட்டவற்றைவிடக் கூர்மையாக இருந்தன. படத்திலிருந்து பழைய பந்திகளுக்குத் திரும்பியபோது ரீச்சர் பந்தியை ஒருமுறை வாசித்து, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதினா. நான் சொல்லவில்லை, தானாகவே அப்படிச் செய்தா.

கட்டுரைக்கு அதையே மறுபக்கமாகப் பிடித்தோம். 'கருத்துகள் பரிமாறப்பட்டன' என்ற வரியைத் திறந்து உள்ளே போகச் சொன்னேன். யார் என்ன சொன்னார், எப்படி நின்று சொன்னார், வெளியே மழையா வெயிலா. ரீச்சர் பம்ப் சண்டையை எழுதினா. ஐந்து பக்கம். எட்டு வருடம் குறிப்புப் புத்தகத்துக்கு வெளியே தேக்கி வைத்ததெல்லாம் அதில் இருந்தது. அவா வாசிக்க வாசிக்க அண்ணை, "ஓம், ஓம், அப்பிடித்தான் சொன்னவ" என்று தொடையில் தட்டினார். பிறகு திடுக்கிட்டு, "ரீச்சர், இதை வெளியிலை காட்டிப்போடாதேங்கோ. எங்கடை மனுசி சொன்னதும் இருக்கு" என்றார்.

பரீட்சை நாள். புளியங்குளத்தில் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றேன். அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார். மூத்தவள் வந்தாள். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் எழுத வரவேயில்லை. ரீச்சர் கடைசியாக வந்தா. முகம் வெளுத்திருந்தது.

"பென்சில் கொண்டுபோக மறந்திட்டன் தம்பி."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவாவின் கையிலிருந்த பேனையைப் பார்த்தேன்.

"பேனையாலை எழுதிட்டீங்களோ?"

"சமூகமளித்தோர் எண்டு போட்டிட்டன். கை தானாப் போட்டிட்டுது. பறவையளைப் பற்றின பந்தி. எல்லாப் பறவையையும் வரிசையாப் போட்டிட்டன். பிறகு கண்டு, குறுக்கை கோடு இழுத்து வெட்டினனான்."

"வெட்டினால் பிரச்சினை இல்லை அக்கா."

"தலையை வெட்டினது நல்ல ஞாபகம். வாலை வெட்டினனானோ தெரியேல்லை. செலவு ஒண்டுமில்லை எண்டு எழுதினது ஞாபகம் இருக்கு. வெட்டினது ஞாபகம் இல்லை. மணி அடிச்சிட்டுது."

பஸ்ஸில் நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பென்சில் வழி என்னுடையது. வேறு யாராவது முறையாகப் படிப்பித்திருந்தால் இந்தப் பழக்கமே வந்திராது. இறைவன் என்று ஒருவர் இருந்தால் வினாத்தாள் திருத்துகிறவர் ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராக இருக்கட்டும் என்று அந்த மூன்று மாதமும் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். ரீச்சர் வழமைபோல முன்பள்ளிக்குப் போனா. பிள்ளைகளின் கொப்பிகளுக்கு மட்டும் அந்த வருடம் உறை போடவில்லை. புதிதாக வருகிறவர் தன் விருப்பப்படி போடட்டும் என்றா.

பெறுபேறு வெளியான காலை எங்கள் வீட்டில் சிக்னல் இல்லை. குளக்கட்டுக்குப் போய், தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, அவாவின் சுட்டிலக்கத்தை அடித்தேன். பக்கம் சுழன்றுகொண்டே இருந்தது. நாலாவது முறை திறந்தது. பார்த்தேன். மறுபடி பார்த்தேன். சைக்கிளை எடுத்தேன்.

முன்பள்ளியில் அவா பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் ஈரக் கையை உயர்த்திக் காட்டினா.

"சொல்லாதேங்கோ. பிள்ளையள் வீட்டை போகட்டும். இதுகளுக்கு முன்னாலை அழுதனெண்டால் நாளைக்கு ஒரு பிள்ளையும் வராது."

மணி பத்தரை. பிள்ளைகள் போவது பதினொன்றரைக்கு. எனக்கு ஒரு குட்டிக் கதிரையைக் காட்டினா. முழங்கால் நாடியில் முட்ட அதில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த பழங்களின் படத்தையே பார்த்தேன். ஒரு மணித்தியாலம். அவா பாட்டுச் சொல்லிக்கொடுத்தா, கடலை பங்கிட்டா, ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து மாற்றிவிட்டா. என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் வெளியே போய்விட்டால் செய்தி கூடாது என்று நினைத்துவிடுவா, சிரித்தாலும் சொன்னதுபோல ஆகிவிடும். அந்தக் கதிரையில் இருந்த அளவுக்கு நான் எங்கும் அசையாமல் இருந்ததில்லை.

கடைசிப் பிள்ளையின் தாய் வந்து கூட்டிக்கொண்டு போனா. ரீச்சர் படலையைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே இன்னொரு குட்டிக் கதிரையில் இருந்தா. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா.

"நீட்டாதேங்கோ. சுருக்கமாச் சொல்லுங்கோ."

"பாஸ். எஸ்."

மூச்சை விட்டா. அது எவ்வளவு நாளாக உள்ளே இருந்த மூச்சோ தெரியாது. அழவில்லை. கொப்பியை எடுத்து, உறைக்குள் இருந்த கடிதத்தை வெளியே எடுத்து, விரித்து, மறுபடி மடித்து, அடுப்பில் போடவா என்று கேட்டா. வேண்டாம், கடிதக் கோவையில் போடுங்கோ என்றேன். பிறகு இரண்டு பேரும் அந்தக் குட்டிக் கதிரைகளில் இருந்து சிரித்தோம்.

"அப்ப வாலை வெட்டியிருக்கிறன் போலை."

"வெட்டாமலும் விட்டிருக்கலாம் அக்கா. எஸ்தானே, மட்டுமட்டான பாஸ்."

"உது எனக்குக் காணும்."

அண்ணைக்குத் தமிழ் சித்தி, கணிதம் போய்விட்டது. கணிதத்துக்கு என்ன படம் போடப்போகிறீர் என்று இப்போது என்னைத் துரத்துகிறார். மூத்தவளுக்கும் சித்தி. தங்கை அடுத்த வருடம் எழுதுவாள். லீவு தராவிட்டால் வேலையை விடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு இன்னும் நியமனம் வரவில்லை. அப்பா இப்போது என் வகுப்பைப் பற்றி யாராவது கேட்டால், "படம் போட்டுத்தான் படிப்பிக்கிறான்" என்று தானே சொல்கிறார்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். கேக் வெட்டினார்கள். முடிவில் ரீச்சர் எழுந்து குறிப்பை வாசித்தா. அதை எனக்குப் பிரதி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சமூகமளித்தோர் இருபத்தாறு பேர். சமூகமளிக்காதோர்: தமிழ் ஆசிரியர் (அறிவிக்கப்பட்டிருந்தது). தமிழ் வகுப்புத் தொடர்பாகக் கருத்துகள் பரிமாறப்பட்டன. முன்பள்ளி தற்போதைய ஆசிரியையுடன் தொடர்ந்து நடைபெறும். விண்ணப்பம், பஸ், தேநீர், கேக் உட்பட மொத்தச் செலவு: ஏழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா.